‘பேர்’ என்பது ‘பெயர்’ அன்று: இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு கதைப் பிரதிகளைச் செம்மையாக்கத் தொடங்குபவர்களுக்கு

பணம் வாங்கிக்கொண்டு நான் செம்மையாக்கிய முதல் நாவலில் ‘பேர்’ என்ற சொல் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வந்தது. பேச்சு வழக்கு என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ‘பெயர்’ என்று மாற்றிவிட்டேன். நாவலாசிரியர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அச்செடுத்த தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வந்து என்னைச் சந்தித்தார். ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். ‘அன்று அவளுக்குப் பெயர் விழவில்லை’ என்று அதில் இருந்தது. “பிள்ளை, என் அம்மா முப்பது வருடம் பேருக்காகத்தான் மலை ஏறினார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் நகரத்தில் கடை வீட்டில் வளர்ந்தவள். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பதியப்படும் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் அது அரைப்பேர் ஆகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன். அந்த நாவலில் ஒரு குடும்பத்தின் பட்டினியே அந்தச் சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை அழித்துவிட்டிருந்தேன். இரண்டு இரவுகள் உட்கார்ந்து ஒவ்வோர் இடமாகத் திரும்பவும் போட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்கள் பலர் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். தமிழ் படித்தவர்கள், ஆசிரிய வேலைக்குக் காத்திருப்பவர்கள், வீட்டில் குழந்தையோடு இருப்பவர்கள். ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் தலவாக்கலையில் இருந்தும் செய்யலாம், பதுளையில் இருந்தும் செய்யலாம். ஆனால் செய்யும் முறை என்று ஒன்று இருக்கிறது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

கேட்கப்படும் வேலை எது?

எழுத்தாளர்கள் பெரும்பாலும் “கொஞ்சம் பிழை பார்த்துத் தாருங்கள்” என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வேறு வேலைகள் இருக்கக்கூடும். முதலாவது, கதையின் கட்டமைப்பைப் பார்ப்பது: எங்கே தொடங்குகிறது, யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது, எந்த அத்தியாயம் தேவையில்லை. இரண்டாவது, வரி வரியாக நடையைச் சீர் செய்வது. மூன்றாவது, எழுத்து, சந்தி, நிறுத்தக்குறி, ஒருமை பன்மை, தகவல் முரண் ஆகியவற்றைத் திருத்துவது. நான்காவது, பக்கம் அமைத்த பிறகு அச்சுப்பிழை பார்ப்பது. நம் பத்திரிகைகளில் ஒப்புநோக்கல் என்று சொல்லும் வேலை அது.

நான்கையும் ஒரே விலைக்கு ஏற்றுக்கொண்டால் நீங்கள் களைத்துப்போவீர்கள், எழுத்தாளருக்கும் மனக்கசப்பு வரும். அவர் ஒற்றுப்பிழை மட்டும் பார்க்கக் கொடுத்திருப்பார். நீங்கள் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்வீர்கள். அல்லது அவர் கதை நிற்கிறதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார். நீங்கள் ‘ற’கரம் திருத்தி அனுப்புவீர்கள். ஆகவே பிரதி கைக்கு வருவதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். இதை வேறு யாராவது படித்திருக்கிறார்களா? இன்னும் மாற்றி எழுத உங்களுக்கு மனமும் நேரமும் இருக்கிறதா? எப்போது அச்சுக்குப் போகிறது? அடுத்த மாதம் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் ஒழுங்கு செய்துவிட்டேன் என்று சொல்பவருக்குக் கட்டமைப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மூன்றாவது வேலையையும் நான்காவது வேலையையும் மட்டும் நன்றாகச் செய்துகொடுங்கள்.

தொடங்குபவர்களுக்கு என் ஆலோசனை: மூன்றாவதில் தொடங்குங்கள். கட்டமைப்பைச் சொல்ல நிறையக் கதைகளைப் படித்துப் பழகிய மனம் வேண்டும். அதற்குச் சில வருடங்கள் ஆகும்.

மேசையில் இருக்க வேண்டியவை

விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. வேர்ட் மென்பொருளில் உள்ள டிராக் சேஞ்சஸ் வசதியை முதலில் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் நீக்கியதும் சேர்த்ததும் எழுத்தாளருக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும்; அவர் ஏற்கலாம், மறுக்கலாம். வேர்ட் வாங்க முடியாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸிலும் இதே வசதி இருக்கிறது. கூகுள் டாக்ஸில் பரிந்துரை முறையைப் பயன்படுத்தலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் மழை பலத்தால் இணைப்பும் மின்சாரமும் சேர்ந்தே போகும். கணினிக்குள்ளேயே கோப்பு இருப்பது நல்லது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் அன்றைய தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு நகல் எடுத்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள்.

எழுத்துருவில்தான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழுகிறார்கள். இலங்கையில் வயதில் மூத்த எழுத்தாளர்களின் பிரதிகளும் அச்சகங்களின் கோப்புகளும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வருகின்றன. அதை இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றித்தான் வேலை செய்ய முடியும். மாற்றுவதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ‘கௌரி’ என்பது பார்வைக்குச் சரியாகவே இருக்கும். உள்ளே கெ, ள என்று இரண்டு தனி எழுத்துகளாக நிற்கும். ‘கௌரி’ என்று தேடினால் அந்த இடம் அகப்படாது. கதாநாயகியின் பெயர் பதினைந்து இடங்களில் ஒருவிதமாகவும் இருபது இடங்களில் வேறுவிதமாகவும் இருப்பது அச்சான பிறகே தெரியவரும். ஔகாரம் வரும் சொற்களை முதலிலேயே தனியாகத் தேடிச் சரிசெய்துவிடுங்கள். மாற்றும்போது இடையில் வந்த எண்களும் ஆங்கிலப் பெயர்களும் சிதைந்திருக்கும். மூலக் கோப்பைப் பக்கத்தில் வைத்து அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

அகராதி ஒன்று அவசியம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008இல் வந்த இரண்டாம் பதிப்பில் இருந்து இலங்கை வழக்குகளையும் அடையாளமிட்டுத் தருகிறது. வாங்க முடிந்தால் வாங்குங்கள். தோட்டத்துச் சொற்களுக்கு எந்த அகராதியும் போதாது. அவற்றுக்கு உங்கள் சொந்தக் கொப்பி (குறிப்பேடு) வேண்டும். நான் பெரட்டுக்களம், கவ்வாத்து, கொந்தரப்பு, முள்ளுக்குத்து, மடுவம், பிள்ளைக்காம்பரா, இஸ்தோப்பு, படங்கு என்று எழுதிவைக்கத் தொடங்கி, இன்று அந்தக் கொப்பி நான்காவது கொப்பியாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே எந்தப் பகுதியில் கேட்டேன் என்று குறிப்பேன். ஹட்டன் பக்கத்தில் சொல்வது போலவே பசறையிலும் சொல்வார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பார்க்க 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் ஒரு சொல்லை எப்படி எழுதினார்கள் என்ற ஐயம் வந்தால் நான் முதலில் போகும் இடம் அது.

மாதிரி செய்துகாட்டுங்கள், பிறகு விலை சொல்லுங்கள்

யாரையும் தெரியாத புதியவரிடம் எழுத்தாளர் ஏன் தன் நாவலைக் கொடுக்க வேண்டும்? அவருடைய பிரதியில் இருந்தே 1,000 சொற்களை வாங்கி, செம்மையாக்கிக் காட்டுங்கள். முதல் அத்தியாயத்தை வாங்க வேண்டாம். எல்லோரும் முதல் அத்தியாயத்தைப் பத்து முறை திருத்தியிருப்பார்கள். பிரதியின் உண்மை நிலை நடுவில்தான் தெரியும். ஆகவே நடுப்பகுதியில் உரையாடல் நிறைந்த ஓர் இடத்தைக் கேளுங்கள்.

அந்த 1,000 சொற்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். விலைக்கு அதுதான் அடிப்படை. ஓர் உதாரணத்துக்கு, 40,000 சொற்கள் உள்ள நாவல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,000 சொல் என்றால் முதல் சுற்றுக்கு 40 மணிநேரம். இரண்டாம் சுற்று இரண்டு மடங்கு வேகத்தில் போகும், 20 மணிநேரம். எழுத்தாளரோடு பேசுவதற்கும் குறிப்புக் கடிதம் எழுதுவதற்கும் 5 மணிநேரம். ஆக 65 மணிநேரம். உங்கள் ஒரு மணிநேரத்துக்கு 400 ரூபாய் என்று நீங்கள் முடிவு செய்தால் 26,000 ரூபாய். 400 என்பது கணக்குக் காட்ட நான் போட்ட எண். உங்கள் எண்ணை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். கணக்குப் பார்க்காமல் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிட்டு, பாதி வழியில் கூலி போதவில்லை என்று வேகமாகப் புரட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அவசரத்தின் விலையை எழுத்தாளர்தான் கொடுக்கிறார். அவருக்கு அது தெரிவதும் இல்லை.

எங்கள் நாட்டில் தமிழ் எழுத்தாளர்கள் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் புத்தகம் போடுகிறார்கள். ஓய்வூதியம், சேமலாப நிதி, சில வேளை மனைவியின் சங்கிலி. அந்தப் பணம் திரும்பி வருவது வெளியீட்டு விழாவில் முதற்பிரதியையும் சிறப்புப்பிரதிகளையும் பெறுபவர்கள் பணம் கொடுக்கும்போதுதான். ஆகவே “விழா முடிந்ததும் தருகிறேன்” என்பார்கள். சொல்பவர் நேர்மையானவராகவே இருப்பார். விழாவில் எதிர்பார்த்த பணம் சேராவிட்டால் அவருக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாகிவிடும். ஒரு நல்ல உறவு கெட்டுப்போகும். மூன்றில் ஒரு பங்கு முற்பணம், முதல் சுற்று முடிந்ததும் ஒரு பங்கு, இறுதிக் கோப்பைக் கொடுக்கும்போது மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதி குறைந்தவருக்கு விலையைக் குறையுங்கள், தவணையை நீட்டுங்கள். ஆனால் கடைசித் தவணை அச்சகத்துக்குப் போகும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

ஒப்பந்தம் என்றதும் பயப்பட வேண்டாம். அரைப் பக்கம் போதும். எந்த வேலை, எத்தனை சொற்கள், எத்தனை சுற்று, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, இடையில் நின்றால் என்ன செய்வது. பதிப்புரிமை முழுவதும் எழுத்தாளருக்கே என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்து 70 ஆண்டுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நீங்கள் எத்தனை வரியைச் சீர் செய்தாலும் கதை அவருடையதுதான். இதே சட்டம் இன்னொரு இடத்திலும் உங்களுக்கு உதவும். அத்தியாயத் தலைப்பில் சினிமாப் பாட்டு வரிகளைப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. பாட்டாசிரியரின் உரிமை பெரும்பாலும் முடிந்திருக்காது என்பதை அப்போதே ஒரு குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

வாங்கிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. அந்தக் கணக்கில் ஒரு கொப்பி வைத்திருந்தால் பின்னால் அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டில் வாழும் எழுத்தாளர்கள் பணம் அனுப்புவதாக இருந்தால், எந்த வழியில் பெறலாம், கழிவு எவ்வளவு என்பதை உங்கள் வங்கிக் கிளையில் கேட்டுவிட்டு விலையைச் சொல்லுங்கள்.

படிக்கும் முறை

முதல் முறை, கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் படியுங்கள். ஒரு பிழையையும் திருத்தாதீர்கள். எங்கே மனம் அலைந்தது, எங்கே நெஞ்சு அடைத்தது என்று மட்டும் பக்க எண்ணைக் குறியுங்கள். வாசகராகப் படிக்கும் இந்த வாய்ப்பு உங்களுக்கு ஒரு முறைதான் கிடைக்கும். இரண்டாம் முறை படிக்கும்போது நீங்கள் வேலைக்காரர் ஆகிவிடுவீர்கள்.

இரண்டாம் வாசிப்பில் இரண்டு தாள்களைத் தயார் செய்யுங்கள். ஒன்று சொல் தாள். தோட்ட நிர்வாகியைக் குறிக்கும் சொல் துரை, தொரை, தொர என்று ஒரே நாவலில் மூன்று விதமாக வரும். கதைசொல்லியின் நடையில் ‘துரை’, கிழவியின் வாயில் ‘தொரை’ என்று எழுத்தாளர் வேண்டுமென்றே செய்திருந்தால் அது அழகு, விட்டுவிட வேண்டும். கிழவியே ஒரு பக்கத்தில் ‘தொரை’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘தொர’ என்றும் சொன்னால், எது வேண்டும் என்று எழுத்தாளரைக் கேட்டுச் சொல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொலிஸ், டொக்டர், கொப்பி, லொறி என்பது எங்கள் எழுத்து வழக்கு. அதைப் போலீஸ், டாக்டர், காப்பி, லாரி என்று மாற்றச் சொல்லித் தமிழகத்துப் பதிப்பாளர்கள் கேட்பதுண்டு. பதிப்பகத்தின் விதியை மதிக்கிறேன். ஆனாலும் நுவரெலியாவில் நடக்கும் கதையில் டாக்டர் என்று வருவதைப் படிக்கும்போது ஒரு நூல் அறுந்தது போல எனக்கு இருக்கும். அதுவும் எங்கள் ஊரில் ‘கொப்பி’ என்றால் எழுதும் கொப்பி, ‘கோப்பி’ என்றால் குடிக்கும் கோப்பி. இரண்டையும் ‘காப்பி’ ஆக்கினால் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எதை எடுத்துப் போனது? எழுத்தாளருக்காக நீங்கள் வாதாட வேண்டிய இடங்கள் இவை. வாதாடுங்கள்.

மற்றது காலத் தாள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஆண்டு, மாதம், இடம், பாத்திரங்களின் வயது. இதை எழுத எழுதத்தான் கதையின் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியும். என் மேசைக்கு வந்த பிரதிகளில் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளைச் சொல்கிறேன்.

கண்டியில் கோச்சி ஏறிய மாப்பிள்ளை நுவரெலியா ரயில் நிலையத்தில் இறங்குவார். இன்றைய பாதையில் நுவரெலியா நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லை. நானுஓயாவில் இறங்கி பஸ்ஸில் போக வேண்டும். ஜூலை மாதத்தில் சிவனொளிபாத மலையில் விளக்கொளி வரிசையில் பக்தர்கள் ஏறுவார்கள். யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. ஜூலையில் அங்கே மழையும் இருட்டும்தான். அதே ஜூலையில் ஊவாவில் உள்ள பண்டாரவளையில் நாள் முழுக்கக் கொட்டும் மழையில் நனைந்தபடி கொழுந்து பறிப்பார்கள். தென்மேற்குப் பருவமழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும் காலத்தில் ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலையின் மணம் ஏறும் பருவமே அதுதான். ஒரே மலையகம், இரண்டு வானிலை.

சம்பளத்தைக் கட்டாயம் பாருங்கள். 2017இல் நடக்கும் கதையில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வந்தால் நிறுத்துங்கள். 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 ரூபாய்தான். ஆயிரம் 2021இல் வந்தது. இடையில் எத்தனை போராட்டம் நடந்தது என்பது தோட்டத்து வாசகருக்குத் தெரியும். அந்த ஒற்றை எண் தவறினால் அவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இன்னொன்று என்னை மிகவும் பாதித்தது. தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் கையெழுத்தானது. அதன் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியா போன குடும்பங்களைப் பற்றி எழுதாத மலையக எழுத்தாளர் குறைவு. ஒரு பிரதியில் 1970இல் போகும் தாத்தா தனுஷ்கோடியில் இறங்கி மணலை அள்ளி நெற்றியில் வைத்தார். அருமையாக எழுதப்பட்ட காட்சி. ஆனால் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டது. 1970இல் கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் போனது. காட்சியைக் கெடுக்கப்போகிறோமே என்ற வருத்தத்தோடுதான் எழுத்தாளருக்குச் சொன்னேன். அவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அனுப்பிய திருத்தத்தில், தாத்தா இராமேஸ்வரத்தில் இறங்கி, தன் தகப்பனார் முன்பு கப்பல் ஏறிய தனுஷ்கோடி எங்கே என்று ஒரு சுமைகூலியிடம் கேட்கிறார். அந்த ஆள் கடலைக் காட்டுகிறான். முதலில் இருந்ததைவிட நூறு மடங்கு வலிக்கும் காட்சி. நான் அதில் ஒரு சொல்கூட எழுதவில்லை.

வரியைத் தொடும்போது

புதியவர்களுக்குக் கை துறுதுறுக்கும் இடம் இது. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்காக நானே எழுதியது.

‘இயற்கை எழில் கொஞ்சும் அந்த அழகிய தேயிலைத் தோட்டத்தில் காலைப் பனிமூட்டத்தின் நடுவே பொன்னம்மா மிகவும் சோகமாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.’

இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் இது பொன்னம்மாவின் வாக்கியம் ஆகாது. பஸ் ஜன்னலில் இருந்து பார்க்கும் பயணியின் வாக்கியம். பொன்னம்மாவுக்கு அந்த இடம் தோட்டம் கூடக் கிடையாது, நம்பர் மலை, எண்ணிட்டுப் பிரித்த தேயிலைப் பகுதி. பனி அவளுக்கு அழகு இல்லை. கை விறைக்கும், கொழுந்து ஈரமானால் நிறையில் கழிப்பார்கள். இதை உடைத்து நீங்களே அழகாக எழுதிவிட முடியும். எழுதக் கூடாது. ஓரத்தில் இப்படி ஒரு குறிப்புப் போடுங்கள்: ‘இந்த இடத்தில் யார் பார்க்கிறார்கள்? பொன்னம்மாவாக இருந்தால், அவளுடைய சோகம் அவள் கையில் எப்படித் தெரியும்?’ எழுத்தாளருக்கு அந்த மலை தெரியும். அவர் யோசித்துவிட்டு, அவள் முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்துவிட்டாள், வேலையைக் கண்காணிக்கும் கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்த்துக் காட்டினார் என்று எழுதுவார். உங்களாலும் என்னாலும் கற்பனை செய்ய முடியாத ஒரு விவரம் அவரிடம் இருந்து வரும். கேள்வி கேட்டால்தான் அது வரும். திருத்திக் கொடுத்தால் வராது.

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை போன்றவற்றில் கேள்வி வேண்டாம், நேரே திருத்துங்கள். ‘அந்த பெண்’ என்பது ‘அந்தப் பெண்’ ஆகட்டும். ‘வந்து கொண்டிருந்தான்’ என்று பிரித்தும் ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்தும் மாறி மாறி வருவதை ஒருவிதமாக்குங்கள். உரையாடலுக்குள் இருப்பதை மட்டும் தொடும் முன் கையை எடுத்துவிட்டு, சத்தமாக வாசியுங்கள். ஒரு வயதான அம்மாவின் குரலில் அது கேட்கிறதா? கேட்டால் இலக்கணம் பார்க்க வேண்டாம். ஐயம் இருந்தால் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் அந்தச் சொல்லை மட்டும் கேளுங்கள். எனக்கு அப்படிச் சொல்லித்தர ஓர் அக்கா இருக்கிறார். பகல் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து, இரவு ஏழு மணிக்குத் தொலைபேசியில் பொறுமையாக விளக்குவார். அவருக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கொடுக்கும்படி எழுத்தாளரிடம் கேட்டு வாங்குகிறேன்.

நடந்த சம்பவங்களை எழுதும்போது உயிரோடு இருக்கும் துரையின், தலைவரின், பக்கத்து லயத்துக்காரரின் (தோட்ட வரிசை வீட்டுக்காரரின்) உண்மைப் பெயரே பிரதியில் நின்றுவிடும். குற்றம் சாட்டும் காட்சியாக இருந்தால் பெயரையும் தோட்டத்தையும் மாற்றும்படி எழுத்தாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சாதிப் பெயர்கள் வரும் இடங்களில், அது பாத்திரத்தின் பேச்சா, கதைசொல்லியின் எண்ணமா என்று கேளுங்கள். பாத்திரத்தின் கொடுமையைக் காட்டுவதற்கு அந்தச் சொல் தேவைப்படலாம். கதைசொல்லியின் வாயில் அது தானாக வந்து விழுந்திருந்தால் எழுத்தாளரே கவனித்திருக்க மாட்டார்.

எழுத்தாளரோடு பேசுவது

உங்கள் எழுத்தாளர்களில் பலர் உங்களைவிட முப்பது வயது மூத்தவர்கள். சேர், டீச்சர், ஐயா, அண்ணன் என்று எப்படி அழைத்தாலும், திருத்தங்களைச் சொல்லும்போது பணிவும் தெளிவும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகக் குறை சொல்லாதீர்கள். இரண்டு பக்கக் கடிதமாக எழுதுங்கள். முதலில் உங்களை உண்மையாகவே தொட்ட இரண்டு மூன்று இடங்களைப் பக்க எண்ணோடு சொல்லுங்கள். பொதுவாக ‘அருமை’ என்று எழுதினால் அவர் நம்பமாட்டார். அதன் பிறகு பெரிய சிக்கல்கள் மூன்று; அதற்கு மேல் ஒரு கடிதத்தில் வேண்டாம். சிறியவை கோப்பின் ஓரத்தில் இருக்கட்டும். கடிதத்தை இரவில் எழுதிக் காலையில் அனுப்புங்கள்.

கணினி பழகாதவர்களுக்குத் தாளில் அச்செடுத்துச் சிவப்புப் பேனையால் குறித்துக் கொடுங்கள். அச்செடுக்கும் செலவையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்பார்வை குறைந்த ஒருவருக்கு நான் தொலைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக்காட்டி, அவர் சொன்னபடி மாற்றினேன். நேரம் அதிகம் எடுத்தது. ஆனால் காதால் கேட்டுத் திருத்திய அந்த நாவலின் நடையை நான் வேறெதிலும் பார்க்கவில்லை.

பிரதி உங்களிடம் இருக்கும் வரை அதைப் பற்றி வெளியில் பேசாதீர்கள். மலையகம் சிறிய இடம். ஒரு தேநீர் கடையில் சொன்னது அடுத்த நாள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

வேலை எங்கிருந்து வரும்?

ஹட்டன், கண்டி, பதுளை அச்சகங்களில் பக்கம் அமைப்பவர்களைப் போய்ப் பாருங்கள். பிழை நிறைந்த கோப்போடு முதலில் போராடுபவர்கள் அவர்கள்தான். நல்ல கைக்கு அவர்களே வேலை அனுப்புவார்கள். நாவல்கள் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்காது. இடையில் பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர் போன்றவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள்; கை பழகும், வீட்டுச் செலவும் நடக்கும். செப்டெம்பரில் கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. ஜனவரியில் சென்னையில் புத்தகக் கண்காட்சி. இரண்டுக்கும் முந்திய இரண்டு மூன்று மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவார்கள். அந்த மாதங்களில் ஒரு நேரத்தில் ஒரு நாவலுக்கு மேல் எடுக்காதீர்கள்.

அச்சுக்குப் போகும் முன்

பக்கம் அமைத்த பிடிஎஃப் வந்ததும் திரையில் பார்த்து முடித்துவிட வேண்டாம். தாளில் எடுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குள் போனதும் தமிழ் எழுத்து உடையும். ‘கொ’வின் கொம்பு ஒரு வரியின் முடிவிலும் மீதி அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்கும், மெய்யெழுத்தில் வரி தொடங்கும். அத்தியாயத் தலைப்புகளையும் பொருளடக்கத்தின் பக்க எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அட்டையில் எழுத்தாளரின் பெயரை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்து யாருமே பார்க்காமல் விடும் இடம் அது. சர்வதேச நியம நூல் எண்ணை எழுத்தாளர் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். உள்பக்கத்தில் உள்ள எண்ணும் பின்னட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்பக்கத்தில் ‘செம்மையாக்கம்’ என்று உங்கள் பெயரைப் போடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த எழுத்தாளர் உங்களைத் தேடி வருவது அந்த வரியைப் பார்த்துத்தான்.

கோப்பைக் கொடுத்ததும் சொல் தாளையும் காலத் தாளையும் எழுத்தாளருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்களிடமும் ஒன்று இருக்கட்டும். அவருடைய அடுத்த நாவலிலும் அதே தோட்டம் வரும், அதே கிழவி வேறொரு பெயரில் வருவாள். கையெழுத்துத் தாள்கள் உங்களிடம் இருந்தால் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டு, தபாலகத்தில் தரும் சீட்டைப் பற்றுச்சீட்டுக் கொப்பியில் ஒட்டிவையுங்கள்.